எங்களுக்காக அழுகிறவர்கள்

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்தாயிற்றா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. 2025 மே மாதம் முதலாம் திகதி அந்தப் படம் வெளிவந்த நாள் தொடக்கம் ரொறொன்ரோவில் இருக்கும் பள்ளித்தோழன், பாரிஸில் இருக்கும் பெறாமகன், கொழும்பில் நான் மரக்கறி வாங்கும் கடைக்காரர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் சொன்னது ஏறத்தாழ ஒரே வாசகம்தான்: “எங்கடை ஆக்களைப் பற்றி நல்லாய் எடுத்திருக்கிறாங்கள், கட்டாயம் பாருங்கோ.” நான் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தேன். அந்த “நல்லாய்” என்ற சொல்லின்மீது எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் படத்துக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் மிக இளைய வயதினர். இது அவருடைய முதற்படம். சசிகுமார் வழமையான அரிவாளை வீட்டில் வைத்துவிட்டு வந்து அடக்கமாக நடித்திருக்கிறார். சிம்ரன் தம் வயதுக்குரிய பாத்திரத்தை வெட்கமின்றி ஏற்றிருக்கிறார். சின்னப் பையனாக வரும் கமலேஷ் எல்லோரையும் விழுங்கிவிடுகிறான். எனக்கும் ஓரிடத்தில் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் கண் கலங்கியபின் மூளையையும் அடகு வைத்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பொருளாதார நெருக்கடியால் இலங்கையில் வாழ முடியாத தர்மதாஸ் குடும்பம் இரவோடிரவாகப் படகேறி இராமேஸ்வரத்தில் இறங்குகிறது. கரையில் பிடிபடுகிறார்கள். பிடித்த பொலிஸ்காரர் மனமிரங்கி விட்டுவிடுகிறார். சென்னையில் ஒரு குடியிருப்பில், மலையாளிகள் என்று சொல்லிக்கொண்டு, வீடெடுத்துத் தங்குகிறார்கள். அயலவர் ஒவ்வொருவரின் உள்ளத்தையும் தம் அன்பால் வெல்கிறார்கள். கடைசியில் பொலிஸ் தேடி வரும்போது அந்தக் குடியிருப்பே எங்கள் பேச்சு வழக்கில் கதைத்து அவர்களைக் காப்பாற்றுகிறது. இந்த இடத்தில்தான் திரையரங்குகளில் கைதட்டல் என்று கேள்வி.

நல்லது. இனி நடந்ததைப் பார்ப்போம். 2022 மார்ச் மாதம் மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கங்களிலிருந்து உண்மையாகவே குடும்பங்கள் படகேறின. பால்மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, தொழிலுக்குப் போன படகுக்கு எரிபொருள் இல்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு வாயில் வந்த தொகையைப் படகோட்டிகள் கேட்டார்கள். சிலரை மணற்றிட்டில் இறக்கிவிட்டு, இந்தியாதான் இது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். முதலில் போனவர்களிற் சிலர் கடவுச்சீட்டின்றி நுழைந்த குற்றத்துக்காகச் சிறைக்கே அனுப்பப்பட்டார்கள். பின்னால் வந்தவர்களைத் தமிழ்நாட்டு அரசு மண்டபம் முகாமில் வைத்தது. இதிலே தமிழ்நாட்டு அரசைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சோறு போட்டார்கள். ஆனால் கரையிலே பிடிபட்டவனை “போய் வா” என்று சென்னைக்கு அனுப்பிவைத்த பொலிஸ்காரர் எவரையும் நான் கேள்விப்படவில்லை. அந்தக் கரையிலிருந்து போகும் வழி முகாமுக்குத்தான் போகிறது. படம் எடுத்தவர்கள் அந்த வழியைக் கதையின் முதற் பத்து நிமிடத்திலேயே தூக்கி எறிந்துவிட்டார்கள். தூக்கி எறிந்ததால்தான் அது மனதுக்கு இதமான படமாயிற்று.

நான் இரண்டாம் தடவை அதைப் பார்த்தது என் சின்னம்மாவின் மகளோடு. 1990இல் பத்தொன்பது வயதில் மன்னாரிலிருந்து படகேறியவள். தமிழ்நாட்டில் ஒரு முகாமில் 23 ஆண்டுகள் இருந்தாள். அங்கேயே கலியாணம், அங்கேயே இரண்டு பிள்ளைகள், அங்கேயே கணவனின் சாவு. 2013இல் திரும்பி வந்தாள். யோகி பாபு வரும் இடங்களில் வாய்விட்டுச் சிரித்தாள். நானோ அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இராமேஸ்வரத்துப் பொலிஸ்காரர் அவர்களை விட்டுவிடும் காட்சி வந்தபோது சிரிப்பு நின்றது.

“இப்பிடி ஒரு பொலிஸ் எங்களுக்குக் கிடைச்சிருந்தா, அண்ணை, நான் 23 வருஷம் பத்தடிக் கொட்டிலுக்கை கிடந்திருக்க மாட்டன்” என்றாள். பிறகு எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள். தேத்தண்ணி வர அரை மணித்தியாலம் ஆயிற்று.

அவள் சொன்ன பத்தடி ஒரு மிகைப்படுத்தல் அல்ல. பத்தடிக்குப் பத்தடி அறை என்பது அந்த முகாம்களின் அளவுகோல். மாதத்துக்கொரு தடவை தலை எண்ணுவார்கள். அன்றைக்கு ஆள் இல்லையென்றால் உதவிப்பணம் நிற்கும், பதிவும் சிக்கலாகும். அதனால் தூரத்து ஊருக்கு வர்ணம் பூசும் வேலைக்குப் போன ஆண்கள் எல்லாம் அந்த நாளைக்கு எப்படியாவது ஓடி வந்துவிடுவார்கள். 1983 யூலைக்குப் பிறகு போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். 100க்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000க்கும் மேற்பட்ட எங்கள் சனம் இருந்ததாகவே 2021ஆம் ஆண்டுக் கணக்கும் சொன்னது. அந்த ஆண்டிலே ஸ்டாலின் அரசு அவற்றின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி 7,469 வீடுகளைக் கட்டித்தருவதாக அறிவித்தது. இது ஒரு பெரிய காரியம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. 1987 யூலை முதலாம் திகதிக்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரசையாக இருந்தாலன்றிப் பிறப்பினால் குடியுரிமை இல்லை. 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டமும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் என்று மூன்று நாடுகளை எண்ணிவிட்டு எங்களுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டது. நாற்பது வருடமாக ஒரு சமூகம் பக்கத்துத் தெருவில் சட்டத்தின் கண்ணுக்குக் கள்ளக் குடியேறியாக வாழ்கிறது. கோடம்பாக்கத்துக்கு இதைவிடப் பெரிய கதை எங்கே கிடைக்கும்? பேருந்தில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். அவர்களுக்குக் கிடைத்ததோ ஒரு நல்ல பொலிஸ்காரர்.

“இது நகைச்சுவைப் படம், ஆவணப்படம் இல்லையே” என்று சொல்வார்கள். சொல்லிவிட்டார்கள். நகைச்சுவைக்கு நான் விரோதியல்லன். முகாமில் தலை எண்ணும் நாளைப்போல நகைச்சுவைக்கு வாய்ப்பான நாள் வேறு இல்லை என்று என் தங்கை சொல்லும் கதைகளைக் கேட்டால் தெரியும். என் கேள்வி வேறு. அந்தப் படத்தில் தர்மதாஸ் ஏன் அவ்வளவு நல்லவராக இருக்கவேண்டும்? குடிக்கிறவனைத் திருத்துகிறார், தனித்துப்போனவர்களைச் சேர்த்துவைக்கிறார், செத்த வீட்டில் முன்னின்று காரியம் பார்க்கிறார். அந்தக் குடியிருப்பில் அவர் செய்யாத நன்மை இல்லை. அதற்குச் சம்பளமாகத்தான் கடைசியில் குடியிருப்பு அவரைக் காப்பாற்றுகிறது. அகதிக்கு இடம் வேண்டுமென்றால் அவன் மகானாக இருக்கவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? சண்டைக்காரனான அகதி, கடன் வாங்கித் திருப்பித் தராத அகதி, பக்கத்து வீட்டுக்காரனோடு வேலிக்கு வழக்காடும் அகதி (எங்கள் யாழ்ப்பாணத்தாரில் இந்த வகைக்குப் பஞ்சமில்லை) இவர்களெல்லாம் கடலுக்குத் திரும்பிப்போக வேண்டுமா? மற்றவர் படத்தில் நாங்கள் நன்னடத்தைச் சான்றிதழோடு வருகிறோம். அதைப் பார்த்து நாங்களே பெருமைப்படுகிறோம்.

இது இந்த ஒரு படத்தின் வியாதியன்று. 2000ஆம் ஆண்டு ‘தெனாலி’ வந்தது. கமல்ஹாசன் எங்கள் தமிழைப் பேசினார் என்று நாங்கள் துள்ளிய துள்ளல் எனக்கு மறக்கவில்லை. ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படத்தின் தழுவலில், எதைக் கண்டாலும் பயப்படுகிற ஒரு நோயாளி. அந்தப் பயத்துக்குக் காரணம் எங்கள் போர். இரண்டு நிமிடம் அழவைத்துவிட்டு மிகுதி முழுவதும் சிரிக்கவைத்தார்கள். 2001இல் ‘நந்தா’வில் அகதிப்பெண் கதாநாயகனின் முரட்டு மனத்தை இளக வைப்பதற்கு வந்தாள். 2013இல் ‘மெட்ராஸ் கபே’ இந்திய உளவு அதிகாரி ஒருவரின் மனவேதனைக்கு எங்கள் ஊரைப் பின்திரையாகத் தொங்கவிட்டது. 2021இல் ‘ஜகமே தந்திரம்’ வந்தது. மதுரையிலிருந்து இலண்டனுக்குப் போன அடியாள் ஒருவன், அகதிகளுக்கு உதவுகிற மனிதரைக் காட்டிக்கொடுத்துக் கொல்லவிட்டுப் பிறகு திருந்துகிறான். அவன் திருந்துவதற்கு ஓர் ஈழத்தமிழ்ப் பெண்ணின் இழப்புக் கதை தேவைப்பட்டது. கதையை அவள் சொல்லி முடித்ததும் படம் மறுபடி அவனுடையதாகிவிடுகிறது.

மணிரத்தினத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002இல் வந்தபோது நான் ஆசிரிய பீடத்தில் இருந்தேன். அதைப் பாராட்டி எழுதியவர்களுள் நானும் ஒருவன். இன்று அந்தக் கட்டுரையை எடுத்து வாசித்தால் வெட்கமாக இருக்கிறது. அழகான படம், இப்போதும் அதை மறுக்கவில்லை. ஆனால் கதையை எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து ஒரு நல்ல நடுத்தரக் குடும்பம், தத்தெடுத்த மகளின் பெற்ற தாயைத் தேடிப் போர் நடக்கும் நாட்டுக்கு வருகிறது. குண்டுவெடிப்பைப் பார்க்கிறது, இடம்பெயரும் சனத்தைப் பார்க்கிறது, தாயைக் கண்டுபிடிக்கிறது, அழுகிறது, திரும்பிப் போகிறது. தாய் இங்கேயே நிற்கிறாள். அவளுக்குப் பிறகு என்ன நடந்தது? 2009இல் அவள் எங்கே நின்றாள்? கதை அவளுடையதன்று என்பதால் அந்தக் கேள்வி எழவேயில்லை. உண்மையான சுற்றுலாக் குடும்பம் அதுதான். அந்தப் படத்தில் வளர்ப்புத் தாயாக வந்த சிம்ரன் இருபத்துமூன்று வருடம் கழித்து இந்தப் படத்தில் எங்கள் பக்கத்துத் தாயாக வருகிறார். இந்தச் சுற்றை யாரும் திட்டமிட்டுச் செய்தார்களோ தெரியாது, எனக்கு அது வேடிக்கையாகப் பட்டது.

இனி மொழி. இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. தமிழ்நாட்டுச் சினிமாவில் இலங்கைத் தமிழர் எல்லோரும் ஒரே கிராமத்தவர். அந்தக் கிராமத்தில் எல்லாச் சொல்லின் வாலிலும் ஓர் “ஓ” தொங்கும். வாங்கோ, போங்கோ, கதையுங்கோ. யாழ்ப்பாணத்தாரின் “வந்தவை”யும் மட்டக்களப்பாரின் “மறுகா”வும் அவர்கள் காதில் ஒன்றுதான். மன்னார்ப் பேச்சு வேறு, முஸ்லிம் மக்களின் பேச்சு வேறு, மலையகத்தின் பேச்சு முற்றிலும் வேறு என்பதெல்லாம் ஒப்பனைக்காரரின் பெட்டிக்குள் இல்லை. நடிகர்களை நான் குற்றஞ்சாட்டவில்லை. நந்திதா தாஸோ, ஐஸ்வர்யா லக்ஷ்மியோ, ஜோஜு ஜோர்ஜோ தமக்குத் தந்ததைச் சொன்னார்கள். பிழை, எங்கள் தமிழைத் தொப்பிபோல எடுத்துப் போடலாம், கழற்றலாம் என்ற எண்ணத்தில் இருக்கிறது. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யின் இறுதிக் காட்சியில் குடியிருப்பே அந்தத் தொப்பியைப் போட்டுக்கொள்கிறது. கைதட்டல்.

என் தங்கையின் மூத்த மகன் முகாமில் பிறந்தவன். வீட்டில் மன்னார்த் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ்நாட்டுத் தமிழ் என்று இரண்டு நாக்கோடு வளர்ந்தவன். அங்கே அவனைச் “சிலோன்காரன்” என்றார்கள். 2013இல் மன்னாருக்கு வந்து வகுப்பில் வாயைத் திறந்த முதல் நாளே “இந்தியாக்காரன்” என்ற பட்டம் கிடைத்தது. ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் அவன் கதைக்கவில்லை, ஊமை என்றே சில ஆசிரியர்கள் நினைத்தார்களாம். இந்தப் பையனைத் திரையில் எங்காவது பார்த்தீர்களா? அவனுடைய கதையில் இரங்குகிற நல்லவர் எவரும் இல்லை. அவனை நோகடித்ததில் நாங்களும் பங்காளிகள். அதனால் அந்தக் கதைக்குத் தயாரிப்பாளர் கிடைக்க மாட்டார்.

அதே வாரத்தில் பிரசன்ன விதானகேயின் ‘பரடைஸ்’ படத்தை மறுபடி பார்த்தேன். 2023இல் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்று, 2024இல் திரையரங்குகளுக்கு வந்த படம். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததால்தான் இந்தக் கட்டுரையே பிறந்தது. இரண்டுக்கும் மூலம் ஒன்று: 2022இன் நெருக்கடி. அங்கே இலங்கையிலிருந்து ஒரு குடும்பம் இந்தியாவுக்கு ஓடுகிறது. இங்கே இந்தியாவிலிருந்து ஓர் இளம் மலையாளத் தம்பதி, கேசவும் அம்ரிதாவும், பெற்றோலுக்கு வரிசை நிற்கிற நாட்டுக்கு இராமாயணத் தலங்களைப் பார்க்கச் சுற்றுலா வருகிறார்கள். மலைநாட்டில் ஓர் அழகான விடுதியில் தங்குகிறார்கள். இரவில் கொள்ளையர் புகுந்து கணினியையும் கைப்பேசிகளையும் எடுத்துச் செல்கிறார்கள். கணவன் பொலிஸை நெருக்குகிறான். அவனுக்கு வேலை சம்பந்தமான அவசரம். சார்ஜன்ட் பண்டாரவுக்கு மேலிடத்துத் தலையிடி. யாரையாவது பிடிக்கவேண்டும். தோட்டத்துத் தமிழ் இளைஞர்களைப் பிடிக்கிறார்கள். அடிக்கிறார்கள். அவர்களில் ஒருவன் சாகிறான்.

இந்தப் படத்திலும் இரக்கம் இருக்கிறது. அம்ரிதா அந்த இளைஞர்களுக்காக இரங்குகிறாள். ஆனால் விதானகே அவளுடைய கண்ணீரை எங்களுக்குப் பரிசாகத் தரவில்லை. அவள் தங்கியிருக்கும் அறையின் வசதியையும், அவள் கணவனின் கணினி ஒன்றுக்காக ஒரு தோட்டத் தொழிலாளியின் உயிர் போனதையும் ஒரே சட்டகத்துக்குள் வைக்கிறார். இரங்குகிறவர் எங்கே நிற்கிறார், யாருடைய செலவில் நிற்கிறார் என்று கேட்கிறார். பார்த்து முடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது. பொலிஸ் காவலில் மரணம் என்ற தலைப்பை நான் பத்திரிகையில் எத்தனை தடவை அமைத்திருப்பேன். ஒரு பத்தியில் நான்கு வரி. செத்தவர் மலையகத் தமிழராக இருந்தால் இரண்டு வரி. அந்த இரண்டு வரிச் செய்தியைத் திரையில் விரித்துக் காட்டியபோது என் தொழிலும் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

பிரசன்ன விதானகே தன் இனத்திடமும் இதே கேள்வியைக் கேட்டவர். ‘புரஹந்த களுவர’வில் ஜோ அபேவிக்கிரம நடித்த கண்பார்வையற்ற தந்தை, இராணுவத்தில் இறந்த மகனின் முத்திரையிட்ட சவப்பெட்டியை நம்ப மறுக்கிறார். 2000இல் அந்தப் படத்தை அரசாங்கம் தடுத்தது. நீதிமன்றம்வரை போய்த்தான் அவர் அதை வெளியிட்டார். மகனுக்காக அழு என்று சொல்லிய அரசின் முன்னால், அழமாட்டேன் என்று நின்ற கிழவனின் கதை.

எனினும் ‘பரடைஸ்’ மீதும் எனக்குக் குறை உண்டு. அந்தத் தோட்டத்து இளைஞர்கள் அதிகம் பேசுவதில்லை. லயத்தில் அவர்களுடைய தாய்மார் என்ன சொன்னார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. அதை அவர் சொல்லவில்லை என்று குறைசொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

ஏனென்றால் இந்தத் தீவில் தமிழில் வந்த உருப்படியான படங்களின் பட்டியலைப் போடுங்கள். 1977இல் ‘பொன்மணி’. யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் யாழ்ப்பாணத்து வெயிலிலேயே வைத்து எடுத்த படம். எடுத்தவர் தர்மசேன பத்திராஜா. 2012இல் ‘இனி அவன்’. போர் முடிந்து ஊருக்குத் திரும்பும் போராளியை ஊர் எந்தக் கண்ணால் பார்த்தது என்று சொன்ன படம். எடுத்தவர் அசோக ஹந்தகம. 2023இல் ரொட்டர்டாம் விழாவில் நடுவர்களின் சிறப்பு விருது பெற்ற ‘முன்னெல்’, காணாமற்போன காதலியைத் தேடும் ஒருவனின் கதை, தமிழில். எடுத்தவர் விசாகேச சந்திரசேகரம். எங்கள் வீட்டுக்குள் இருக்கும் அழுக்கையும் வலியையும் எங்கள் மொழியிலேயே படமாக்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவர்களுள் பலர் சிங்கள நெறியாளர்கள். இதைச் சொன்னால் எங்களில் பலருக்குக் கோபம் வருகிறது. கோபம் வரட்டும். ‘பொன்மணி’ வந்தபோது நாங்கள் என்ன செய்தோம்? போய்ப் பார்க்கவில்லை. பாட்டில்லை, சண்டையில்லை, படம் மெதுவாகப் போகிறது என்றார்கள். செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ அதைவிட நன்றாக ஓடியது. ஆனால் இந்தியப் படம் வந்தால் எங்கள் படத்துக்கு இடமில்லை என்ற நிலை மாறவில்லை.

எல்லாப் பழியையும் எங்கள் இரசனைமேல் போடுவதும் அநியாயம். 1983 யூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களின் மூலப்பிரதிகளும் அதோடு போயின. சிங்களப் படங்களை இயக்கிவந்த கே. வெங்கட் என்ற தமிழர் அந்த யூலையிலேயே கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு கமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்க எந்தத் தமிழனுக்குத் துணிவு வரும்? வன்னியில் இயக்கம் படமெடுத்தது உண்மை. அங்கே கதை இயக்கத்துக்குச் சொந்தமாக இருந்தது. போராளியின் தாய் அழலாம். எப்போது அழவேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானித்தார்.

போர் முடிந்த பிறகு? ஜூட் ரத்தினம் என்ற தமிழர், 1983இல் ஐந்து வயதில் கொழும்பிலிருந்து வடக்கே ரயிலில் தப்பியோடிய பிள்ளை, வளர்ந்து ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். முன்னாள் போராளியான தன் மாமனைக் கூட்டிக்கொண்டு பழைய இடங்களுக்குப் போகிறார். சிங்களக் காடையர் செய்ததையும் சொல்கிறார், எங்கள் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்றதையும் சொல்கிறார். 2017இல் கான் விழாவில் காட்டினார்கள். 2018இல் யாழ்ப்பாணத்துச் சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டவிருந்தார்கள்; எதிர்ப்பு எழுந்ததும் விலக்கிக்கொண்டார்கள். அதற்கு நான்கு வருடம் முன்னதாகத் தமிழ்நாட்டிலும் இப்படித்தான். சந்தோஷ் சிவனின் ‘இனம்’ 2014 மார்ச்சில் வெளியாகிச் சில நாட்களுக்குள்ளேயே எதிர்ப்பினால் திரையரங்குகளை விட்டுப் போயிற்று. அந்த இரண்டு படங்களோடும் எனக்குப் பலத்த கருத்து வேறுபாடு இருக்கிறது. ‘இனம்’ பல இடங்களில் தப்பான படம். ஜூட் ரத்தினமும் அரசின் கணக்கைக் கொஞ்சம் சுருக்கி, எங்கள் கணக்கைக் கொஞ்சம் பெருக்கி எழுதுகிறார் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதைச் சொல்ல முதலில் படத்தைப் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டுத் திட்டலாம். திட்டுவதில் எங்களை வெல்ல ஆளில்லை.

இதையும் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்குக் கிடைத்த வரவேற்பையும் சேர்த்துப் பாருங்கள். அயலூரான் எங்களை நல்லவர்கள் என்று சொன்னால் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் அரங்கு நிறைகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளை நாங்களும் பிழைவிட்டோம் என்று சொன்னால் திரையை இறக்குகிறோம். யாழ்ப்பாணத்தில் இந்திய நடிகர்களின் உருவப்படத்துக்குப் பாலூற்றுகிற பையன்களை எல்லோரும் கண்டிக்கிறார்கள். அவர்களைவிடப் பெரிய பாலூற்றுகாரர் நாங்கள்தான், படித்தவர்கள், பத்திரிகைக்காரர்கள். “அதையாவது செய்கிறார்களே” என்று எழுதியே என் தலைமுறை தலை நரைத்துவிட்டது. ‘தெனாலி’க்கு அப்படி எழுதினோம், ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வந்தபோது நானே எழுதினேன்.

பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓடியார் எடுத்த ‘தீபன்’ 2015இல் கான் விழாவின் உயர் விருதான தங்கப்பனையைப் பெற்றது. அதிலே எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்தார். ஒருவரையொருவர் தெரியாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி, செத்துப்போனவர்களின் கடவுச்சீட்டில் குடும்பமாக நடித்துக்கொண்டு பாரிஸின் புறநகருக்குப் போய்ச் சேருகிறார்கள். முதல் முக்கால் பங்கு படத்தில் இவர்கள் நல்லவர்களாயில்லை. பொய் சொல்கிறார்கள், பயப்படுகிறார்கள், ஒருவரையொருவர் விட்டுவிட்டு ஓட நினைக்கிறார்கள். அதனாலேயே மனிதர்களாகத் தெரிந்தார்கள். கடைசிக் கால் பங்கில் ஓடியாருக்கும் அவசரம் வந்து துப்பாக்கிச் சண்டையில் முடித்துவைத்தார். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், திரையில் நான் கண்ட அகதிகளில் என் தங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றவர்கள் இவர்களே. அவளுக்கு அந்தப் படத்தை வைத்துக் காட்டினேன். பொய்ப் பெயர் சொல்லிப் பதிகிற இடத்தில், “ஓம், இப்பிடித்தான். நாங்களும் பெயர் மாத்தின ஆக்கள்தான்” என்றாள். அந்தப் பழைய பெயர் மாற்றத்தைப் பற்றி முப்பத்தைந்து வருடத்தில் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் அவள் சொன்னதில்லை. நான் மேலும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லத் தொடங்கினாள். இரவு ஒரு மணிவரை சொன்னாள்.

2018இல் அந்த ஆவணப்படத்தைக் காட்டக்கூடாது என்று நின்றவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். படத்தை அன்றைக்கும் பார்க்கவில்லை, இன்றைக்கும் பார்க்கவில்லை. சென்ற மாதம் அவரும் எனக்குத் தகவல் அனுப்பியிருந்தார்: ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ கட்டாயம் பாருங்கள், எங்களைப் பற்றி நல்லாய் எடுத்திருக்கிறார்கள். பதிலுக்கு ‘பரடைஸ்’ என்று ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்பினேன். அது யாருடைய படம் என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு பதில் இல்லை.